மூன்று பேரிங்கில் நின்ற கார்கள்

948, 1089, 1489. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் புதுச்சேரித் தெருக்களில் ஓடிய கார்களின் கதையைச் சொல்ல இந்த மூன்று எண்கள் போதும். 948 சிசி என்றால் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1089 பம்பாய் குர்லாவிலிருந்து வந்த ஃபியட். 1489 கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர். மூன்றுக்கும் நான்கு சிலிண்டர். மூன்றிலும் கிராங்க் ஷாஃப்டைத் தாங்கிப் பிடித்தவை மூன்றே மெயின் பேரிங்குகள்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று.

சிலிண்டர் போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் என் தொழில். புதுச்சேரியில் ஒரு பட்டறையில் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக மெஷின் போட்டு, இப்போது காலாப்பட்டில் இருக்கிறேன். எண்பதுகளின் நடுவில் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரியும் இங்கே வந்ததிலிருந்து புல்லட்டும் பழைய காரும் வைத்திருக்கும் பையன்களுக்கு இந்த ஊரில் குறைவே இல்லை. அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் பெரும்பாலும் ஒன்றுதான். சிசியைக் கூட்டினால் தெருவில் ஓட்டும் வண்டி தாங்குமா? போரை அகலமாக்குவது நல்லதா, ஸ்ட்ரோக்கை நீட்டுவது நல்லதா? வேகமாகப் பேசுகிறார்கள், நிறையப் படித்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் சிலிண்டருக்கு மேலேயே பேசுகிறார்கள். பிஸ்டன், வால்வு, கார்புரேட்டர். கிராங்க்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பெரிதாக்கிய இன்ஜினின் ஆயுளை முடிவு செய்வது அடிப்பாகம். இதை நான் வெறும் கருத்தாகச் சொல்லவில்லை. நம் சாலையில் ஓடிய இன்ஜின்களின் வரலாறே அதற்குச் சாட்சி.

பிஸ்டன் மேலிருந்து கீழே வரும் தூரம் ஸ்ட்ரோக். அது கிராங்க்கின் அச்சிலிருந்து, கனெக்டிங் ராடு வந்து பிடிக்கும் பிக் எண்ட் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதைப் போல் இரண்டு மடங்கு. சிலிண்டரின் உள்விட்டமான போரை அகலமாக்கினால் மாறுவது சிலிண்டர் சுவரும் பிஸ்டனும். ஸ்ட்ரோக்கை நீட்டினாலோ கிராங்க்கே மாறுகிறது. கனெக்டிங் ராடு அதிகமாகச் சாய்கிறது, பிஸ்டன் சுவரைப் பக்கவாட்டில் அழுத்துகிறது, அதே சுற்றில் பிஸ்டன் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கிராங்க்கை முனையிலிருந்து பார்த்தால், பேரிங்குக்குள் சுழலும் பாகங்களான மெயின் ஜர்னலின் வட்டமும் பிக் எண்ட் ஜர்னலின் வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்த ஏற்றம்தான் கிராங்க்குக்குப் பலம். ஸ்ட்ரோக் நீள நீள அது குறையும்.

நம் அம்பாசிடருக்கு ஏன் அவ்வளவு நீண்ட ஸ்ட்ரோக்? போர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. காரணம் இங்கிலாந்தின் வரிச் சட்டம். 1910 வாக்கில் அங்கே ஒரு கணக்கு வைத்தார்கள். போரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வர்க்கம் கண்டு, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5 ஆல் வகுத்தால் வரிக்கான குதிரைத்திறன் வரும். ஸ்ட்ரோக்குக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அதனால் கம்பெனிகள் போரை ஒல்லியாக வைத்து ஸ்ட்ரோக்கை நீட்டின. சிசி கிடைத்தது, வரி ஏறவில்லை. நாற்பதுகளின் இறுதியில் அந்த வரிமுறை போய்விட்டது, வடிவமைப்பவர்களின் கைப்பழக்கம் போகவில்லை. ஸ்டாண்டர்டு எய்ட், ஸ்டாண்டர்டு டென் என்று கார்களுக்குப் பெயர் வைத்ததும் அந்த வரிக் கணக்கின் மிச்சம்தான். ஹெரால்டின் 63 மி.மீ. போரை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், பத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அந்த 948 சிசி இன்ஜின் முதலில் டென் காரில் இருந்ததுதான்.

ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை வண்டலூரில், ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை தொண்ணூறுகளின் இறுதியில்தான் ஒரே நெடுஞ்சாலையாகச் சேர்ந்தது. அதற்கு முன் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போக வேண்டுமென்றால் திண்டிவனம் போய் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிக்க வேண்டும். ஆக, இங்கே ஓடிய ஒவ்வொரு ஹெரால்டும் சென்னை போகும்போது தான் பிறந்த தொழிற்சாலையின் வாசலைக் கடந்தே போனது. காலாப்பட்டு அன்று ஒதுங்கிய ஊர். இன்றும் புதுச்சேரி நகரத்திலிருந்து இங்கே வர வேண்டுமானால் முத்தியால்பேட்டை தாண்டி, கோட்டக்குப்பம், பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு மண்ணைக் கடந்துதான் பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரிக்குள் நுழைய வேண்டும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறும்வரை இந்தக் குறுகிய தூரத்துக்குள் இரண்டு நாட்டு எல்லை.

அந்தக் காலத்தில் புது கார் வாங்குவது பெரிய விஷயம். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்கிய காரை இருபது, முப்பது வருடம் ஓட்டினார்கள். அதனால் தென்னிந்தியா முழுக்க வளர்ந்த தொழில் எங்களுடையது. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, தேய்ந்த கிராங்க்கை கிரைண்டிங் பிடித்து அண்டர்சைஸ் பேரிங் போடுவது. சென்னை செம்பியத்தில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் தொடங்கியது எங்கள் தொழிலுக்குக் கிடைத்த வரம். பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் கப்பலை எதிர்பார்க்கும் நிலை அதோடு போனது.

ரீபோருக்குப் படிகள் உண்டு. இருபது தவ், நாற்பது தவ், அறுபது தவ். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் ரீபோரில் போர் அரை மி.மீ. விரியும், அறுபதில் ஒன்றரை மி.மீ. தாண்டும். யாரும் சிசியைக் கூட்ட நினைத்து இதைச் செய்யவில்லை. ஆனாலும் கூடியது. அறுபது தவ் ஏறிய அம்பாசிடரின் உண்மையான கொள்ளளவு 1552 சிசி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதைவிட 63 அதிகம். அறுபது ஏறிய 350 புல்லட் 361 சிசியைத் தாண்டும். நாடு முழுக்கப் பெரிதாக்கிய இன்ஜின்கள் இப்படி லட்சக்கணக்கில் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. போரை அளவோடு விரித்தால் தெரு வண்டி தாங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனை உலகில் எங்கும் நடந்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அளவு என்பது வெறும் பேச்சு இல்லை. போர் கேஜை சிலிண்டருக்குள் இறக்கி, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே முதலில் பார்ப்போம். மேல் ரிங் வந்து திரும்பும் இடம் அது, தேய்மானம் அங்கேதான் அதிகம். பிறகு நடுவில், பிறகு அடியில். அதே மூன்று இடத்தையும் கேஜைக் குறுக்கே திருப்பி மறுபடி. கனெக்டிங் ராடு சாயும் திசையில் சுவர் கூடுதலாகத் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். முள் காட்டும் அந்த வித்தியாசத்தை வைத்தே வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். நீண்ட ஸ்ட்ரோக் இன்ஜினில் அந்த முட்டை வடிவம் துலக்கமாகத் தெரியும். அறுபதுக்கு மேல் சுவர் மெலிந்துவிட்டால் லைனர் இறக்கி பழைய அளவுக்கே திரும்ப வேண்டியதுதான். அதற்கு மேல் ஆசைப்பட்டவர்களின் பிளாக்கில் தண்ணீர் சிலிண்டருக்குள் வந்தது.

ஸ்ட்ரோக்கையும் எங்கள் கிராங்க் கிரைண்டிங் மெஷினிலேயே நீட்டலாம். ஆஃப்செட் கிரைண்டிங் என்று பெயர். பிக் எண்ட் ஜர்னலைக் கிரைண்டிங் பிடிக்கும்போது நடுமையத்தில் பிடிக்காமல், கிராங்க்கின் அச்சுக்கு எதிர்ப்புறமாகச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், ஜர்னல் மெலியும், அதன் மையம் வெளியே நகரும். விட்டத்தில் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவுக்கு மேல் ஸ்ட்ரோக் நீளாது.

நான் தொழில் கற்றது, சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய காலம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வரும்வரை தென்னிந்திய ஓட்டக்காரர்களுக்குச் சோழவரம்தான் எல்லாம். அங்கே ஓட்டுவதற்காக ஒருவர் ஹெரால்டின் கிராங்க்கை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார், ஆஃப்செட் பிடிக்கச் சொல்லி. பட்டறை மேஸ்திரி கிராங்க்கைக் கையில் வாங்கினார், மைக்ரோமீட்டரைப் போட்டார், சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். நாற்பது தவ் குறைத்தால் ஸ்ட்ரோக் 76-லிருந்து 77 ஆகும். 948 சிசி 960 ஆகும். அதே நாற்பதை விட்டுவிட்டு போரை அறுபது தவ் விரித்தால் 994. “பன்னிரண்டு சிசிக்காக கிராங்க்கை மெலிய வைக்கணுமா சார்? நாப்பத்தாறு சிசி மேலேயே சும்மா கிடக்குதே” என்றார். வந்தவர் மனமில்லாமல் சம்மதித்தார். மேஸ்திரி எட்டாம் வகுப்புகூடத் தாண்டாதவர். அந்தச் சாக்பீஸ் கணக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை. இன்று பையன்கள் ஆயிரம் பக்கம் புரட்டி வந்து சேரும் இடம் அதுதான்.

மேஸ்திரிக்குத் தெரியாத ஒன்று, அதே ஹெரால்டு இன்ஜினை அதன் தாய்க் கம்பெனி இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காகப் பிறந்தபோது அந்த இன்ஜின் 803 சிசி, போர் 58, ஸ்ட்ரோக் 76. பிறகு போர் 63 ஆகி 948. 69.3 ஆகி 1147. 73.7 ஆகி 1296. இத்தனை படியிலும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான், அசையவே இல்லை. பிளாக்கில் அதற்கு மேல் போரை விரிக்க இடமில்லை. அடுத்த படிக்கு அவர்கள் கை வைத்தது ஸ்ட்ரோக்கில். ஒரே தாவலில் 87.5 மி.மீ. 1970-ல் டிரையம்ஃப் 1500 காரில் 1493 சிசியாக வந்தது. அமெரிக்கப் புகை விதிகள் இன்ஜினின் சக்தியை உறிஞ்சிக்கொண்டதால், அதை ஈடுகட்ட ஸ்பிட்ஃபயர் காருக்கும் அதே இன்ஜின் போனது. ஒரு காலத்தில் போட்டிக் கம்பெனியாக இருந்த எம்.ஜி.யின் மிட்ஜெட்டுக்கும் 1974-லிருந்து அதைத்தான் போட்டார்கள், அதற்குள் இரண்டும் ஒரே முதலாளியின் கீழ் வந்துவிட்டன.

803 சிசிக்குப் பிறந்த இன்ஜின் 1493 சிசி வரை வந்தபோதும் மெயின் பேரிங் மூன்றுதான். ஜர்னலைத் தடிப்பாக்கினார்கள், எண்ணிக்கையைக் கூட்டவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 6000 சுற்றில் 76 மி.மீ. ஸ்ட்ரோக்குக்குப் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15.2 மீட்டர். 87.5-க்கு 17.5 மீட்டர். பிஸ்டனும் ராடும் மேலே போய்த் திரும்பும்போது கிராங்க்கைப் பிடித்து இழுக்கும் விசை, அதே எடைக்கு, பதினைந்து சதவீதம் கூடுகிறது. நடுவில் ஒரே ஒரு பேரிங்தான் இருக்கிறது. அதற்கு இருபுறமும் இரண்டிரண்டு பிஸ்டன்கள் கிராங்க்கை வளைக்கின்றன. கீழ்ச் சுற்றில் அந்த இன்ஜினின் இழுவை அருமை, மறுக்க முடியாது. நெடுஞ்சாலையில் சுற்றை ஏற்றி வைத்துக்கொண்டு நெடுநேரம் ஓட்டினால் பிக் எண்டும் கிராங்க்கும் போகும் என்ற பெயர் அதற்கு வந்தது, இன்றுவரை போகவில்லை. அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் பழைய 1296-ஐ விரும்பித் தேடுவதற்கு இதுதான் காரணம். சிசி குறைவு, மனம் நிம்மதி.

வண்டலூரில் நாம் 948-ஐத் தாண்டவில்லை. ஹெரால்டு மார்க் 1, மார்க் 2, நான்கு கதவு மார்க் 3, எழுபதுகளில் கேசல் வரை அதே 948. அன்று இதை நம் பின்தங்கல் என்று பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று பேரிங்குக்குச் சுமக்க ஏற்ற பாரம் அது. எங்கள் மெஷினுக்கு வந்த ஹெரால்டு கிராங்க்குகளில் ஜர்னல் தேய்ந்திருக்கும், கீறியிருக்கும், ஆனால் முறிந்து வந்தவை அரிது.

உத்தர்பாரா இன்ஜினின் உறவுக்காரர்களுக்கு நேர்ந்ததோ வேறு. அம்பாசிடரின் 1489, இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் குடும்பம். அங்கே 1200-லிருந்து 1800 வரை போனபோதும் ஸ்ட்ரோக் 88.9-ஐ விட்டு நகரவில்லை. கூடியது முழுக்கப் போர்தான். 1798 சிசிக்கு, நடுச் சிலிண்டர்களுக்கு இடையே தண்ணீர் ஓடும் இடைவெளியையே விட்டுக்கொடுத்தார்கள். 1962-ல் எம்.ஜி.பி. என்ற காரில் அது மூன்று பேரிங்கோடு வந்தது. 1964-ன் இறுதிக்குள் ஐந்து பேரிங் கிராங்க்கைப் போட்டுவிட்டார்கள். மேலே பெரிதாக்கியதற்குக் கீழே ஈடு கட்டினார்கள். அந்த ஐந்து பேரிங் இன்ஜின் 1980 வரை விற்றது. இரண்டு கம்பெனிகளும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே சிக்கலுக்கு எதிரெதிர் விடை கண்டன. எது நின்றது என்பதைப் பழைய கார்ச் சந்தை சொல்கிறது. நம் அம்பாசிடர் 1489-லும் மூன்று பேரிங்கிலும் நின்றது. தொண்ணூறுகளில் இசுஸுவின் 1817 சிசி வந்தபோதுதான் ஐந்து பேரிங்கைப் பார்த்தது. அதன் ஸ்ட்ரோக் 82 மி.மீ., பழையதைவிடக் குறைவு.

ஸ்ட்ரோக்கை நீட்டுவதே தவறு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1985 வாக்கில் பிரீமியர் 118 என்.இ. வந்தபோது உள்ளே நிஸ்ஸானின் ஏ12 இன்ஜின் இருந்தது. 1171 சிசி, ஐந்து பேரிங். ஜப்பானில் அந்தக் குடும்பத்தை 59 மி.மீ. ஸ்ட்ரோக்கில் தொடங்கி 70, 77, 82 என்று நீட்டிக்கொண்டே போனார்கள். 77-க்கு வந்ததும் பிளாக்கையே உயரமாக வார்த்தார்கள், அதனால் கனெக்டிங் ராடை நீளமாக வைக்க முடிந்தது, சாய்வு கட்டுக்குள் நின்றது. கிராங்க்குக்கு ஐந்து கால் ஏற்கெனவே இருந்தது. அவை ஊர் ஊராக ஓடித் தேய்ந்தன, உடையவில்லை.

வண்டலூரின் முடிவைச் சொல்லாமல் போக முடியாது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான ஐரோப்பிய உடல். உள்ளே இருந்தது நாற்பதுகளின் வான்கார்டு இன்ஜினின் வழிவந்த 1991 சிசி, போர் 83, ஸ்ட்ரோக் 92, மூன்று பேரிங். ஃபெர்குசன் டிராக்டரில் உழுத குடும்பம் அது. ஈர லைனர் இன்ஜின், லைனரை மாற்றியே போரைக் கூட்டலாம், குறைக்கலாம். பட்டறைக்காரனுக்குத் தங்கம். ஆனால் மாருதி 800 வந்துவிட்ட நாட்டில் அது யாருக்கு வேண்டும்? 1988-ல் உற்பத்தி நின்றது. நல்ல வேலைக்காரர்கள் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

காலாப்பட்டில் இன்றைய வாக்குவாதத்தின் நாயகன் புல்லட். ராயல் என்ஃபீல்டு 350-ஐ 1955-லிருந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கினார்கள். போர் 70, ஸ்ட்ரோக் 90. 500 புல்லட்டுக்குப் போர் 84, ஸ்ட்ரோக் அதே 90. 2013-ல் காண்டினென்டல் ஜிடி 535-க்குப் போர் 87, ஸ்ட்ரோக் மறுபடி 90. இங்கேயும் கம்பெனி ஸ்ட்ரோக்கைத் தொடவில்லை. 90 மி.மீ. ஏற்கெனவே நீளம். 5500 சுற்றில் பிஸ்டன் நொடிக்கு 16.5 மீட்டர் ஓடுகிறது. 67.8 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள அதே கம்பெனியின் 650 இரட்டைச் சிலிண்டர் அதே வேகத்தைத் தொட 7300 சுற்று வேண்டும்.

பழைய இரும்பு பேரல் புல்லட்டில் பிக் எண்டுக்கு உருளை பேரிங் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் இடையே ஒரு புஷ் மிதக்கும். அதன் உள்ளேயும் வெளியேயும் ஆயில் படலம். ஆயில் வரும்வரை அது அற்புதமான ஏற்பாடு. அந்த ஆயில் டைமிங் கவரிலிருந்து கிராங்க்கின் முனைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன கார்க் வாஷர் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான். அது நசுங்கிக் கசிந்தால் பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் வெளியே போய்விடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, வண்டி நன்றாகவே ஓடும், திடீரென்று அடியில் டொக் டொக் என்று கேட்கும். அத்தனை பணம் போட்டுப் பெரிய பிஸ்டன் போட்டவர்கள் அந்த வாஷரை மாற்றாமல் விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளோட்டிங் புஷ்ஷா, ரோலர் பேரிங்கா என்று இங்கே மணிக்கணக்கில் சண்டை நடக்கும். என் பக்கம் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குள் நிதானமாக ஓடும் நிலையான 350-க்குப் புஷ் போதும், நன்றாகவே உழைக்கும். போரைக் கூட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக ஓட்டுவதென்றால் ரோலர் போட்டுவிடுங்கள்.

ஒரு பையன் கேட்டான், “அங்கிள், 350 கேஸ்லயே 500 பேரல் போட்டுக்கலாமா? ஸ்ட்ரோக் ஒண்ணுதானே?” ஸ்ட்ரோக் ஒன்றுதான் தம்பி. ஆனால் கேஸின் வாயை விரிக்க வேண்டும், விரித்தால் சுவர் மெலியும். 500 பிஸ்டன் கனம். ஃப்ளைவீலில் எதிரெடை அந்தக் கனத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். 350 ஃப்ளைவீல் வேறு எடைக்குச் செய்தது. அப்படியே மாட்டினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிரும், கை மரத்துப்போகும், அந்த அதிர்வு முழுவதும் மெயின் பேரிங்கில் போய் விழும். புல்லட் கிராங்க் பல துண்டுகளைச் சேர்த்து இறுக்கியது. இரண்டு மையங்களுக்கு நடுவில் வைத்து, டயல் கேஜை நிறுத்தி, செம்புச் சுத்தியால் ஃப்ளைவீலைத் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். முள் அசைவு அடங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பொறுமை இல்லாத பட்டறையில் கிராங்க்கைக் கொடுக்காதே என்று சொன்னேன். முதலில் 500-ன் கேஸும் கிராங்க்கும் வாங்கு, பேரல் கடைசி.

அமெரிக்காவில் இதே சண்டை இன்னும் பெரிய இன்ஜினில் நடக்கிறது. ஃபோர்டின் 302 கன அங்குல வி8-ல் ஸ்ட்ரோக் மூன்று அங்குலம். போரையும் சற்று விரித்து, ஸ்ட்ரோக்கை மூன்றேகாலாக நீட்டினால் 331, மூன்றே ஐந்தில் இரண்டாக நீட்டினால் 347. தெரு காருக்கு எது நிலைக்கும் என்று பல ஆண்டாக விவாதிக்கிறார்கள். 347-ல் பிளாக்கின் உயரம் மாறாததால் பிஸ்டன் பின் மேலே ஏறி ஆயில் ரிங் பள்ளத்தையே வெட்டிவிடுகிறது, ஆயில் குடிக்கும் என்பது ஒரு கட்சி. அதற்கு நல்ல பிஸ்டன் வந்துவிட்டது என்பது மறு கட்சி. எனக்கு அந்த இன்ஜினை அவிழ்த்த அனுபவம் இல்லை. அதே பிளாக் 500 குதிரைத்திறனை நெருங்கினால் நெடுக்கில் பிளந்துவிடும் என்பதை மட்டும் இரு கட்சியும் ஒப்புக்கொள்கின்றன. அங்கேயும் பேச்சு கடைசியில் மெயின் பேரிங்கைத் தாங்கும் இரும்பில்தான் வந்து நிற்கிறது.

நம் ஊரில் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. தேய்மானத்துக்காக ரீபோர் செய்வது பழுதுபார்ப்பு. 350 என்று ஆர்.சி.யில் இருக்கும் வண்டிக்குள் 500-ஐ வைப்பது வேறு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் மீனவர்களின் டீசல் இன்ஜின்களும் எங்களிடம் வந்ததுண்டு. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியபோது நிறைய வந்தன. ஒருவர்கூட சிசியைக் கூட்டச் சொன்னதில்லை. கரை தெரியாத இடத்தில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பேரிங்கைத் தொட்டுப் பார்ப்பார்கள், ஆயில் பம்ப்பைப் பற்றிக் கேட்பார்கள், பில்லைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

2020-ல் ராயல் என்ஃபீல்டு மீட்டியாரோடு புதிய 350 இன்ஜினைக் கொண்டுவந்தது. 346 சிசி 349 ஆனது, மூன்று சிசி வித்தியாசம். போர் 70-லிருந்து 72. அதிர்வை அடக்க ஒரு பேலன்சர் ஷாஃப்ட். அறுபத்தைந்து ஆண்டு இந்த மண்ணில் செய்த இன்ஜினைப் புதிதாக வரைய உட்கார்ந்தவர்கள், 90 மி.மீ. ஸ்ட்ரோக்கை 85.8-க்குக் குறைத்தார்கள்.